திருக்கை காட்டிய பாட்டன் பல்

கடலுக்கு அடியிலும் ஒரு காடு உண்டு, குழந்தைகளே. மரம் கிடையாது. எல்லாம் கடற்புல்தான். கரையோரமாக, அலை அடிக்காத ஒரு மூலையில் அந்தக் காடு இருந்தது.

அங்கே ஒரு பால்சுறா வந்தது. அதற்கு நிறைமாதம். மூச்சு வாங்க நீந்தி வந்தது, புல் நுனி வயிற்றில் உரசியதும் அப்படியே நின்றுவிட்டது.

"அதே வாசனை! நான் பிறந்த இடம். வெயில் ஏறினால் தண்ணீர் வெதுவெதுவென்று ஆகிவிடும். என் முதல் இறாலை இங்கேதான் துரத்தினேன்."

"எங்கே துரத்தினாய்? இறாலை விட்டுவிட்டு என் வளைக்குள் மூக்கை விட்டாயே, அதைச் சொல்லடி!" என்று சிரித்துக்கொண்டே ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

"அக்கா! நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாயா?"

அப்போது பக்கத்து மணல் சிலிர்த்தது. புதைந்து படுத்திருந்த திருக்கை எழுந்து, "யாரது என் வீட்டில்?" என்றது.

"உங்கள் வீடா? எப்போதிருந்து, அண்ணாச்சி?" என்று கேட்டது நண்டு.

"என் பாட்டன் காலத்திலிருந்து!" திருக்கை வாலை நீட்டிப் பாறையைக் காட்டியது. அதில் கல்லாகிப்போன பல் ஒன்று பதிந்திருந்தது. தட்டையாக, கொத்திவிட்ட அம்மி போல வரி வரியாக இருந்தது.

"எனக்கும் சிப்பி அரைக்கிற தட்டைப் பல்தான். ஆகவே பாட்டனும் என்னைப் போலவே மணலில் படுத்துக்கொண்டு, சிப்பியை நொறுக்கித் தின்று வாழ்ந்திருக்கிறார். இந்தக் காடு எங்களுக்குச் சொந்தம். கத்திப் பல்லுக்காரிக்கு இங்கே வேலை இல்லை."

"அண்ணாச்சி, வெளியே பெரிய சுறாக்கள் சுற்றுகின்றன. அங்கே ஈன்றால் என் குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சாது," என்றது பால்சுறா.

"அது உன் பாடு."

பால்சுறாவுக்கு வயிறு இழுத்துப் பிடித்தது. நண்டு யோசித்தது.

"ஒற்றைப் பல்லை யார் நம்புவார்கள், அண்ணாச்சி? பாட்டனுக்கு வாய் நிறையப் பல் இருந்திருக்குமே?"

"இருக்கும்! இங்கேயே இருக்கும்! பார்!" திருக்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு செட்டைகளையும் படபடவென்று அடித்தது. மணல் பறந்தது. பாறையில் பல் வரிசை வரிசையாகத் தெரிந்தது.

"பார்த்தாயா!" என்று இன்னும் வேகமாக அடித்தது. தாடை வந்தது. கோத்த மணிகள் போல முதுகெலும்பு வந்தது. உடம்பின் அச்சும் வந்தது. கடைசியில் வால் வந்தது.

செட்டைகள் நின்றன.

"என்ன அண்ணாச்சி, உங்கள் வால் சாட்டை மாதிரி. பாட்டன் வால் பிறை மாதிரி இருக்கிறதே? உடம்பும் உங்களைப் போல முறமாக இல்லையே?" என்றது நண்டு.

பால்சுறா கிட்டே வந்து பார்த்தது. "இது படுத்துக் கிடந்த உடம்பு இல்லை. ஆழ்கடலில் விரைந்து பாய்ந்த உடம்பு. இது சுறா, அக்கா! எங்கள் எலும்பு மெத்தென்ற குருத்து. செத்தால் கரைந்துவிடும், பல்தான் மிஞ்சும். முழு உடம்பு இப்படிக் கிடைப்பதே அபூர்வம். வயிற்றுப் பக்கம் பார், நொறுங்கிய ஆமை ஓடு! சிப்பியோடு நிற்கவில்லை, ஆமையையும் துரத்திப் பிடித்திருக்கிறார்."

திருக்கையின் குரல் இறங்கியது. "அப்படியானால் இவர் உன் பாட்டன். இடமும் உனக்குத்தானா?"

"இவ்வளவு பெரிய வாலை வைத்துக்கொண்டு இந்த மூலையில் யார் குடியிருப்பார்கள், அண்ணாச்சி? என்னைப் போல வந்துபோகிறவராக இருந்து, வந்த இடத்தில் இறந்திருப்பார். நானும் ஈன்றதும் போய்விடுவேன். குட்டிகளும் வளர்ந்ததும் போய்விடும்."

மறுபடி வயிறு இழுத்தது.

"பேச்சு போதும், நகருங்கள்!" என்று கத்தியது நண்டு.

திருக்கை நகர்ந்தது.

சற்று நேரத்தில் சாண் நீளக் குட்டிகள் புல்லுக்குள் சிதறி ஓடின. ஒரு குட்டி மட்டும் மணல் என்று நினைத்துத் திருக்கையின் முதுகில் போய்ப் படுத்துக்கொண்டது. திருக்கை அசையவே இல்லை.

நீதி: ஒரு பல்லைப் பார்த்து ஒருவரின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிடாதே.