புலவர் போட்ட வெத்தலை

நீங்க சொல்றது நியாயம்தான் வாத்தியாரய்யா, யாரு இல்லைன்னா? எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை. இதே நியாயத்தைப் பேசித்தான் ஒரு ராஜா சபையில ஒரு புலவர் நல்லா மாட்டுனாரு.

தண்டபாணிப் புலவர்னு பேரு. அரண்மனைப் பள்ளிக்கூடம் அவரு கையில. பாட்டை ஒரு தடவை சொல்லுவாரு, அதுவும் பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. திருப்பி ஒப்பிக்கலைன்னா, 'முயற்சி பத்தலை, வெளிய போ'ம்பாரு.

அங்க பேச்சின்னு ஒரு பொண்ணு. அரண்மனைக்குத் தண்ணி சுமக்குற வெள்ளச்சியோட மக. அதுக்குக் காது கேக்காது. புலவர் பள்ளிக்கூடத்துலருந்து அவ பேரை அடிச்சிட்டாரு. வெள்ளச்சி குடத்தோட சபைக்கே ஓடியாந்துட்டா.

"சாமி, மணல்ல எழுதிக் காட்டுனா கப்புனு புடிச்சிக்குவா. படிப்பைக் கெடுத்துறாதீங்க."

"பேரு பேச்சி, பேச்சைத்தான் காணோம்!"னு புலவர் சிரிச்சாரு. "இவளுக்குத் தனியா மணல் பரப்புனா மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம், மகாராஜா."

ராஜாவும் தலையை ஆட்டிட்டாரு. ராஜாவுக்கு வேற என்ன வேலை?

அம்பலக்கூத்தன்னு ஒரு ஆளு சபையில இருந்தான். வாய்தான் அவன் உத்தியோகம். "ஆகா, என்ன நியாயம்! புலவரே, ஓலையில எழுதிருங்க. ராஜா முத்திரை வைக்கட்டும்"னான்.

புலவருக்கு உச்சி குளுந்துபோச்சு. அவரே எழுதினாரு: 'அரண்மனையில் எல்லாருக்கும் எல்லாம் ஒரே மாதிரி. தனி ஏற்பாடு யாருக்கும் கிடையாது.' முத்திரை விழுந்துச்சு.

அந்த நேரம் பார்த்து வெத்தலைத் தட்டு வந்துச்சு. ராஜா குடுக்குற வெத்தலையை வேண்டாம்னு சொல்லக்கூடாது, துப்பவும் கூடாது. புலவருக்கு வாயில ஒத்தப் பல்லு இல்ல. அதனால அவருக்கு மட்டும் வெத்தலை பாக்கை இடிச்சிக்கக் கூடவே ஒரு குட்டி உரல் வரும். கூத்தன் அதை அப்படியே தூக்கிக்கிட்டான்.

"டேய், என் உரல்!"

"தனி ஏற்பாடு கிடையாதுங்க. முத்திரை மையி கூட காயலை."

புலவர் முழுப் பாக்கை வாயில போட்டாரு. அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும் உருட்டுறாரு. கண்ணுல தண்ணி.

"கவனமா மெல்லுங்க புலவரே, முயற்சி பத்தலை"ன்னான் கூத்தன்.

புலவருக்குப் பொறுக்கலை. "எல்லாருக்கும் குடுத்த அதே வெத்தலைதானேடா! இடிச்சுக் குடுத்தா என்ன கெட்டுப்போச்சு?"

"அதே பாடம்தானேங்க. மணல்ல இடிச்சுக் குடுத்தா என்ன கெட்டுப்போச்சு?"

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் நழுவிருச்சு. ஓலையை அவரே கிழிச்சாரு. "மணல் கொண்டாங்கடா!"

"என் உரலு?"னாரு புலவர், வாயில பாக்கோட.

"பேச்சி முதல் பாட்டை எழுதிக் காட்டுற அன்னைக்குத் தாரேன்"னாரு ராஜா.

அன்னைக்குச் சாயங்காலமே எழுதிட்டாய்யா! அவ்வளவு வெரசா அந்த மனுசன் ஆயுசுல யாருக்கும் பாடம் சொல்லிக் குடுத்ததில்லையாம்.

அவ்வளவுதான் வாத்தியாரய்யா கதை. வாசல்ல யாரு, பிச்சைக்கனியா? லாரியில லோடு வந்துருச்சா? இந்தா, இறக்க வாரேன்.