செண்பகவல்லி உட்கார்ந்த பந்தி

மலையடிவாரத்து மடத்தில் அடுக்களை என்றால் அது செண்பகவல்லியின் ராஜ்ஜியம். மடம் வெறும் கீற்றுக் கொட்டகையாக இருந்த நாளில் வந்தவள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக ஓடையிலிருந்து அவள் மேடேறி வரும் வேகத்தைப் பார்த்து, குரு தீர்த்தகிரி வாய்விட்டுச் சிரிப்பார். இருவருக்கும் அப்போது இளவயது. அந்த ஓட்டத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கும்.

இப்போது வலது கால் பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அடிமூட்டு வெளியே புடைத்துவிட்டது. அடுப்படியில் நின்றால் உயிர் போகிறது. வைகாசியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

"அதுக்கு முன்னாடி நான் என்ன தெரிஞ்சுக்கணும் சாமி?" என்று குருவிடம் கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எலும்பை வெட்டி, நேராக்கி, ஸ்க்ரூ வைப்பாராம். வலி குறையும், ஆனா குமரிக் கால் திரும்பி வராதுன்னாரு. வீக்கம் வடியவே மாசக்கணக்காகுமாம். ஆறு வாரம் அந்தக் காலை ஊணவே கூடாதாம். ஊணினா வெச்ச எலும்பு விலகிடுமாம்."

"அப்போ உனக்குத் தண்ணி யாரு எடுத்துக் குடுப்பாங்க?"

"இதுக்கெல்லாம் ஒரு ஆளா சாமி? மெல்ல எழுந்து நானே எடுத்துக்குவேன்."

மதியம் மணி அடித்ததும் குரு அவளைக் கூப்பிட்டுப் பந்தியில் உட்காரச் சொன்னார். தாமே இலை போட்டார். தாமே வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். பழக்கமில்லாத கை; சாம்பார் பாதி இலையிலும் பாதி தரையிலுமாக விழுந்தது.

பதறிப்போய் எழப்பார்த்தாள்.

"உட்காரு" என்றார்.

மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்கள். அவள் பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இத்தனை வருஷத்தில் யார் கையையும் எதிர்பார்த்து அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

"ஏம்மா சாப்பிடலை?"

"கூசுது சாமி. நீங்க நின்னு போட, நான் உட்கார்ந்து திங்கிறதா? தொண்டையிலே இறங்கலை. இதுக்கு அந்தக் கால்வலியே தேவலை."

குரு வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ வந்த புதுசுலே நான் காய்ச்சல்லே கிடந்தேன். நீ கஞ்சி கொண்டாந்தே. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சீங்களே!"

"எனக்கும் கூச்சத்துலே இறங்கலைம்மா. நீ வாசப்படியிலே நின்னு என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தே. அதுக்காகக் குடிச்சேன்."