மைனா பார்க்காத கடைசிக் காட்சி

ஆலங்குளத்துக் காட்டில் செவ்வந்தி என்றொரு மைனா இருந்தாள். அந்தக் காட்டில் வேலாயுத வாத்தியார் என்ற முள்ளம்பன்றி, ஒரு குழுவைக் கட்டிக்கொண்டு குளக்கரை ஆலமரத்தடியில் நாடகம் போட்டுவந்தார். நாடகம் எப்படி என்று மற்ற விலங்குகளிடம் கேட்டு, அதை வாத்தியாரிடம் கொண்டுபோய்ச் சொல்வதுதான் செவ்வந்தியின் வேலை.

நேரில் போய்ச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. உடம்பெல்லாம் முள்ளோடு நிற்பவரிடம், "உங்க நாடகம் ஒரே அறுவை" என்று எவர் சொல்வார்?

விடிந்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்க வருவார்கள். செவ்வந்தி ஒவ்வொருவர் முதுகாக உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள். உச்சிவேளையில், மற்றவர்கள் நிழல் தேடிப் படுத்த பிறகு, வாத்தியாரின் வளைக்கு முன்னால் போய் நிற்பாள். எருமை சொன்னதை எருமைக் குரலிலும், மான் சொன்னதை மான் குரலிலும் அப்படியே ஒப்பிப்பாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டபடி அடுத்த நாடகத்தைத் திருத்துவார். இதில் செவ்வந்திக்குப் பெருமை பிடிபடாது.

ஆனால் அவளிடம் ஒரு குட்டு இருந்தது. பொழுது சாய்ந்ததும் மைனாக்கள் மூங்கில் தோப்பில் போய் அடைந்துவிட வேண்டும். நாடகம் சூடு பிடிப்பதோ பொழுது சாய்ந்த பிறகு. ஆகவே, ஐந்து வருஷத்தில் ஒரு நாடகத்தின் முடிவைக்கூட அவள் பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கோடையில் வாத்தியாரின் இரண்டு நாடகங்கள் எடுபடவில்லை. முதல் நாடகத்துக்கு, "தூக்கமா வந்துச்சு" என்றாள் எருமை மாரக்கா. இரண்டாவதற்கு, "ஒண்ணுமே புரியல" என்றது மான் கூட்டம்.

வாத்தியார் முகம் வாடிவிட்டது. "மூணாவதா ஒண்ணு எழுதியிருக்கேன், செவ்வந்தி. மனசுல இருந்த அத்தனையும் அதுல கொட்டிட்டேன். இதுவும் பிடிக்கலைன்னா எனக்கு நாடகம் வராதுன்னு அர்த்தம். மூட்டையைக் கட்டிட்டுப் போயிடுவேன். ஆலமரத்தடியில குரங்குங்க குட்டிக்கரணம் போடட்டும்!"

அவருக்கு நாடகத்தை விட்டால் வேறொன்றும் இல்லை. அது செவ்வந்திக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது நாடகம் நடந்தது. குட்டியைத் தொலைத்த ஒரு தாய் மானின் கதை அது. தாய் காடெல்லாம் தேடி அலைகிற இடம் வந்தபோது வெளிச்சம் குறைந்தது. செவ்வந்தி வழக்கம்போல் பறந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் குளக்கரையே அமைதியாக இருந்தது. எல்லோரும் தள்ளித் தள்ளி நின்று தண்ணீர் குடித்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது.

'இதென்ன, ஆளுக்கு ஆள் சண்டையா?' என்று நினைத்தாள் செவ்வந்தி. மாரக்காவின் முதுகில் உட்கார்ந்து, "நாடகம் எப்படி அக்கா?" என்றாள்.

மாரக்கா வாயைத் திறக்கவில்லை. மான்கள் தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டன. எப்போதும் நொட்டை சொல்லும் நரிகூட வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்தது.

'ஒரு வார்த்தை சொல்லக்கூட நாதியில்லாத நாடகம்போல!' என்று முடிவு கட்டினாள் செவ்வந்தி.

உச்சிவேளை வந்தது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெறும் வாயோடு நிற்கச் செவ்வந்திக்கு வெட்கமாக இருந்தது. 'போன தடவைகளில் சொன்னதுதானே!' என்று மாரக்காவின் குரலை எடுத்தாள்.

"தூக்கமா வந்துச்சு!"

பிறகு மானின் குரல். "ஒண்ணுமே புரியல!"

வாத்தியார் கோபப்படவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மூங்கில் தோப்பு அதிர்ந்தது. மாரக்கா சேறும் சகதியுமாக ஓடிவந்து நின்றாள்.

"ஏண்டி செவ்வந்தி! நான் தூங்கினேன்னு நீ எப்படிச் சொன்னே? வாத்தியார் போற வழியில எங்கிட்ட வந்து, 'உன்னைத் தூங்க வெச்சிட்டேன், மன்னிச்சுக்கம்மா'ன்னு கும்பிட்டுட்டுப் போறாரு! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நடந்துட்டாரு!"

"காலையில கேட்டேனே அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"எப்படிச் சொல்லுவேன்? போன கோடையில என் கன்னுக்குட்டியை முதலை இழுத்துட்டுப் போச்சே, மறந்துட்டியா? நாடகத்துல அந்தத் தாய் மான் கடைசியா தண்ணி குடிக்க வருது. பக்கத்துல குட்டி எப்பவும் நிக்கிற இடத்தைக் காலியா விட்டுட்டுத் தள்ளி நின்னு குடிக்குது. அதோட நாடகம் முடியுது. வாயைத் திறந்தா நான் அழுதுடுவேன்டி! நீதான் பார்த்தியே?"

செவ்வந்திக்குக் காலையில் கண்ட காலி இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தன்மேலேயே அருவருப்பு வந்தது.

காட்டின் எல்லையில் வாத்தியாரைப் பிடித்தாள். "போகாதீங்க வாத்தியாரே! அது அவங்க சொன்னதில்ல, நானா இட்டுக்கட்டினது. உங்க நாடகத்துல ஒண்ணோட முடிவைக்கூட நான் பார்த்ததில்ல!"

வாத்தியாரின் முட்கள் சிலிர்த்து நின்றன. "அஞ்சு வருஷமாவா?"

"ஆமாம். ஆனா எல்லாருக்கும் இந்த நாடகம் பிடிச்சிருக்கு!"

"இதையும் யார் குரல்ல சொல்லப் போறே? எந்தக் குரலை நான் நம்பறது?"

நியாயமான கேள்வி. "என்னை நம்ப வேண்டாம். நாளைக்குக் காலையில குளக்கரைக்கு வந்து உங்க கண்ணால பாருங்க. அப்புறம் போகணும்னா போங்க" என்று செவ்வந்தி கெஞ்சினாள்.

மறுநாள் காலையில் வாத்தியார் தாழம்புதர் மறைவில் நின்று பார்த்தார். மாரக்கா வந்தாள். ஒரு கன்று நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத் தண்ணீர் குடித்தாள். மான்கள் வந்தன. அவையும் இடம் விட்டு நின்றன. குட்டிகளைப் பறிகொடுக்காதவர்களும் அப்படியே நின்றார்கள்.

வாத்தியார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தன் வளைக்குத் திரும்பினார். இனிமேல் நாடகத்தை வெயில் தாழ்ந்ததுமே தொடங்கிவிடுவோம் என்று குழுவிடம் சொன்னார். எதற்காக என்று சொல்லவில்லை.

அடுத்த முறை அதே நாடகம் பகல் வெளிச்சத்திலேயே முடிந்தது. செவ்வந்தி கடைசிவரை இருந்து பார்த்தாள்.

விடிந்ததும் நரி அவளிடம் வந்தது. "என்ன செவ்வந்தி, நாடகம் எப்படி?"

செவ்வந்தி பதில் சொல்லவில்லை. பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நின்று தண்ணீர் குடித்தாள்.

முழுதும் பார்க்காமல் கருத்துச் சொல்லக் கிளம்புகிறவருக்கு, பார்த்தவர்களின் மௌனம் ஒருநாளும் விளங்காது.