ஒன்பது நாளில் செத்த குழாய்

வேங்கைநாட்டு மன்னன் கேசரிவர்மனுக்கு ஒரே ஒரு பயம். ஓலைக்கு முத்திரை வைக்கிற அரக்கில் எவனாவது கலப்படம் செய்துவிடுவானோ என்று. போன வருஷம் அப்படித்தான் முத்திரை உதிர்ந்துபோய், அவன் மாமனாருக்கு எழுதிய ரகசியக் கடிதத்தை வழியில் இருந்த சத்திரத்துக்காரன் எல்லாம் வாசித்துச் சிரித்தான். மறு மாதமே அரக்குச் சோதனைச் சாலை ஒன்று எழும்பியது.

சோதனை எளிதுதான். ஆளுயர மூங்கில் குழாயில் சிப்பித்தூளை இறுக்கி நிரப்பி நிறுத்துவார்கள். அரக்கைச் சாராயத்தில் கரைத்து மேலே ஊற்றினால் நல்ல அரக்கு முதலில் இறங்கிவிடும். கலப்படமாகச் சேர்த்த குங்கிலியப் பிசின் தூளுக்குள் சுற்றி அலைந்துவிட்டுப் பின்னால் வரும். வியாபாரியின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

குழாய் நிரப்புகிறவள் மருதாயி. அவள் நிரப்பிய குழாய் ஆறு மாசம் உழைக்கும். ஆனால் மதங்கராயர் சோதனை அதிகாரியாக வந்த நாளிலிருந்து ஒவ்வொரு குழாயும் ஒன்பதே நாளில் அடைத்துக்கொண்டு செத்தது. இருபதாவது குழாயும் போனபோது மன்னன் இருவரையும் சபைக்கு அழைத்தான்.

"தூளில் கோளாறு மன்னா! இவள் கையில் கோளாறு!" என்றார் ராயர், பெரிய தலைப்பாகை ஆட. "என் பக்கம் ஒரு குறையும் கிடையாது. அந்தக் குழாயை என் உடம்பைப் போலப் பார்த்துக்கொள்கிறேன்!"

மருதாயி தலை குனிந்து நின்றாள். மன்னன் தாடியைத் தடவினான்.

"மூன்று நாள் தருகிறேன். அதற்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் இவள் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்."

சபையில் விகடம் பேசிப் பிழைக்கிற சடகோபனுக்கு இது பொறுக்கவில்லை. ராயர் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் மனசில் முடிந்துகொண்டு நேரே மருதாயியின் பட்டறைக்குப் போனான். செத்த குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளக்கச் சொன்னான்.

"பாருங்க சாமி," என்றாள் அவள். "மேல மூணு விரக்கடைக்கு மரப்பட்டையும் பூச்சிக்காலும் அடை மாதிரி அப்பியிருக்கு. கரைச்சத வடிகட்டவே இல்ல. கீழ தூளெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கு. ராத்திரி முழுக்க இது சாராயத்துல நனைஞ்சே இருக்கணும். அப்புறம், சொட்டுச் சொட்டா விட வேண்டியத மடமடன்னு கொட்டியிருக்காங்க. நடுவுல குழி விழுந்திருக்கு பாருங்க."

"வடிதுணி கொடுப்பதில்லையா?"

"சாமான் வைக்கிற உக்கிராணத்துலேருந்து மாசம் முப்பது துணி போகுது. குழாய நனைக்கத் தினம் ஒரு குடம் சாராயமும் போகுது. எங்க போகுதுன்னுதான் தெரியல."

சடகோபனுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் நம்புவார்களா? அதிகாரி வார்த்தைக்கு எதிராகக் குழாயா வந்து சாட்சி சொல்லும்?

மூன்றாம் நாள் சபையில் அவன் கைகட்டி நின்றான். "மன்னா, குழாய்க்கு வாயில்லை. வாயுள்ள குழாய் ஒன்று கிடைத்தால் காரணத்தை அதுவே சொல்லும். ராயர் அந்தக் குழாயைத் தம் உடம்பைப் போலப் பார்த்துக்கொள்கிறாராம். அப்படியானால் அவர் உடம்பை ஒரு பகல் அந்தக் குழாயைப் போல நாம் பார்த்துக்கொள்ளலாமே? குறையே இல்லாத முறை, அவருக்கென்ன பயம்?"

மன்னனுக்கு வேடிக்கை என்றால் உயிர். தலையசைத்தான். ராயரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் முறையில் குறை என்றாகிவிடும்.

உச்சி வெயிலில் ராயரை முற்றத்தில் நிமிர்த்தி நிறுத்தினார்கள். அவருக்கென்று கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தைச் சடகோபன் அவர் கண்ணெதிரே நிதானமாகக் குடித்தான். மிச்சத்தில் முகமும் கழுவிக்கொண்டான். சாயங்காலம் ஒரு பானைக் கஞ்சி வந்தது. அரைவேக்காடு. உமி மிதந்தது, கல் அடியில் கிடந்தது. மல்லன் ஒருவன் ராயர் வாயில் புனலை வைத்தான்.

"கொட்டு, கொட்டு! மன்னர் காத்திருக்கிறார்!" என்று சடகோபன் கை தட்டினான்.

இரண்டு மடக்குத்தான். ராயர் புனலைத் துப்பிவிட்டுக் கண் பிதுங்க அலறினார். "ஐயோ, தொண்டை அடைக்குது! முதல்ல தண்ணி குடுங்கய்யா, காஞ்சு கெடக்கேன்! வடிகட்டிக் குடுங்கய்யா! மெதுவா ஊத்துங்கய்யா!"

"கணக்கரே, வாயுள்ள குழாய் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும்," என்றான் சடகோபன். "வடிகட்டத் தடையில்லை ராயரே. ஆனால் உக்கிராணத்தில் வடிதுணி தீர்ந்துவிட்டதாம்."

தொண்டையில் உமி குத்துகிறபோது மனுஷனுக்கு யோசனை ஏது? ராயர் சடாரென்று தலைப்பாகையை உருவி நீட்டினார். அது விரிந்தது, விரிந்துகொண்டே போனது. துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட மெல்லிய துணி. ஒவ்வொரு துண்டின் மூலையிலும் அரண்மனை வடிதுணி முத்திரை.

முற்றமே கொல்லென்று சிரித்தது. மருதாயி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"துணி போன இடம் தெரிந்தது. சாராயம்?" என்றான் மன்னன்.

"அவர் பக்கத்தில் நின்று கொஞ்சம் மூச்சை இழுத்துப் பாருங்கள் மன்னா. இவ்வளவு நேரம் காயப்போட்டும் வாசனை போகவில்லை."

ராயரைச் சிப்பி கழுவ அனுப்பினான் மன்னன். சோதனைச் சாலைச் சாவி மருதாயியின் கைக்கு வந்தது. அவள் அழுதேவிட்டாள். சடகோபன் தோளில் பரிசாக ஒரு பட்டுச் சால்வை விழுந்தது.

மன்னன் குனிந்து கணக்கர் ஏட்டை வாசித்தான். "வடிகட்டாதது ராயர் தப்பு. காயவிட்டதும் அவர் தப்பு. மடமடவென்று கொட்டியது?"

'நான் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் முடிவு வர வேண்டும்' என்று தினமும் சோதனைச் சாலைக்கு ஆள் விட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சடகோபன் பட்டுச் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டான்.

"அதற்குச் சாட்சி கிடையாது மன்னா. இருபது குழாயும் செத்துவிட்டன."

மன்னன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தபடியே வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நாளையிலிருந்து முடிவு சாயங்காலம் வந்தால் போதும்," என்றான்.