படம் மூச்சு விட்ட மண்டபம்

"காத்து எம் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்கம்மா" என்றார் சென்னியப்பன்.

மடத்தின் குருவான அம்மையார் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

தாராபுரம் சாலையில் இருக்கிறது அந்த மடம். லாரிச் சத்தம் தியானத்தைக் கெடுக்கிறது என்று மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் பூசி அடைத்துவிட்டு, பக்தர் ஒருவர் ஏசி போட்டுக் கொடுத்திருந்தார். கூரையோடு தகரக் குழாய் ஓடும். குழாய்க்குள்ளே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் தகடுகள். அவற்றைப் பார்த்துக்கொள்வது சென்னியப்பனின் பொறுப்பு. வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டிடங்களுக்கு இந்தக் குழாய் போட்டவர்தான் அவர். ஓய்வு பெற்றபின் தன்னைவிட வயதில் இளையவரான அம்மையாரிடம் சீடராக வந்து சேர்ந்தார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, தீட்சை. கேட்டபோதெல்லாம் அம்மையார் ஒரே பதிலைத்தான் சொன்னார். மண்டபத்தில் காற்று நடமாடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

காற்று நடமாடவில்லை. முன்வரிசைக்குத் திறந்தால் பின்வரிசை வேர்த்தது. பின்வரிசைக்குத் திறந்தால் முன்வரிசை விசிறிக்கொண்டது. எல்லாவற்றையும் திறந்தால் யாருக்கும் இல்லை. கண்ணை மூடி உட்காருகிறவர்கள் தியானத்தில் ஆழ்ந்தார்களா புழுக்கத்தில் மயங்கினார்களா என்று சொல்வது கடினமாக இருந்தது. அவர் ஏணியில் ஏறி இறங்கியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

இதையெல்லாம் அவர் கொட்டித் தீர்த்தார். அம்மையார் கீரையை ஒதுக்கிவிட்டுப் புது எண்ணெய் டின் ஒன்றைக் காட்டினார். அதைத் தூக்குவாளியில் ஊற்றித் தரச் சொன்னார்.

டின்னின் மூலையில் ஏற்கெனவே ஒரு ஓட்டை போட்டிருந்தது. சென்னியப்பன் சாய்த்தார். எண்ணெய் களக் களக் என்று விக்கி விக்கி வந்து வாளிக்கு வெளியே தெறித்தது. அவர் யோசிக்கவே இல்லை. ஆணியை எடுத்து எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை குத்தினார். எண்ணெய் நூல் பிடித்ததுபோல் இறங்கியது.

"அந்த ஓட்டை எதுக்குங்க? அதுவழி எண்ணெய் வர்லியே" என்றார் அம்மையார்.

சென்னியப்பன் வாளியைக் கீழே வைத்துவிட்டு மண்டபத்துக்கு நடந்தார்.

உள்ளே வருகிற காற்று திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அது கூரையில் இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார், வேறு கட்டிடங்களில் அவர் அப்படித்தான் போட்டார். இங்கே குழாய் போட்டவன் வேறு ஆள். மேடைக்குப் பின்னால் இருந்த இயந்திர அறைக்குள் போய், பெரிய குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். அது ஜன்னல் அளவுக்கு விரிந்து மேடைச் சுவரில் போய் முடிந்தது.

சுவரின் அந்தப் பக்கம் அம்மையாரின் படம் மாட்டியிருந்தது.

ஆள் உயரத் துணிப்படம். குருவின் ஆசனத்துக்குப் பின்னால் இரும்புப் பட்டைகளோடு ஒரு ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருப்பது அசிங்கம் என்று, மடத்து நிர்வாகி நாச்சிமுத்து வரையச் சொல்லி வாங்கி மாட்டியது. ஓட்டையைக் கச்சிதமாக மூடியிருந்தது.

அதோடு போயிருந்தால் கழற்றி வேறு சுவரில் மாட்டியிருக்கலாம். ஆனால் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் துணி உள்பக்கம் உறிஞ்சப்பட்டு, விட்டு, மறுபடி உறிஞ்சப்பட்டது. முதல் தடவை பார்த்தவர் நாச்சிமுத்து. அம்மாவின் படம் மூச்சு விடுகிறது என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து படத்துக்கு மாலை, கற்பூரம். காங்கேயத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். படம் மூச்சு விட்டது, மண்டபத்தில் இருந்தவர்களுக்குத்தான் மூச்சு முட்டியது.

படத்தில் கை வைத்தால் குரு நிந்தனை. அற்புதம் இல்லை என்று சொன்னால் மடமே எதிரி. தீட்சை அதோடு சரி. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சென்னியப்பன் மறுபடி ஏணியைத் தூக்கிக்கொண்டு தகடுகளைத் திருகப் போனார்.

எதிரே வந்த அம்மையார் வழி கிடைத்ததா என்று கேட்டார்.

"தேடிக்கிட்டிருக்கேனுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். குருவிடம் பொய் சொன்னது சென்னியப்பனுக்கு அன்று சோற்றிலும் தெரிந்தது. பாதியில் எழுந்துவிட்டார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் நாச்சிமுத்துவே வந்து சேதி சொன்னார். தீட்சை பெறுவோரில் சென்னியப்பன் பெயரும் இருக்கிறதாம். எத்தனையோ காலமாகக் காத்திருந்த சேதி. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, காற்று இன்னும் நடமாடவில்லையே என்ற பயம்தான் வந்தது.

பௌர்ணமியன்று மண்டபம் நிரம்பியது. கதவைச் சாத்தினார்கள். இயந்திரம் ஓடியது. படம் ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. கைகள் எல்லாம் தலைக்கு மேல் குவிந்தன. பின்வரிசையில் ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் கைகளைக் குவித்திருந்தார்.

தீட்சைக்கு முதல் ஆளாகச் சென்னியப்பனை அழைத்தார்கள். மேடைமுன் மண்டியிட்டார்.

அம்மையார் திருநீற்றுத் தட்டை எடுத்தார். நெற்றிவரை கொண்டுவந்த விரலை நிறுத்தினார்.

"எம் படம் எதுக்குங்க ஆடுது?"

எல்லோருக்கும் கேட்டது. நாச்சிமுத்து முகமெல்லாம் பூரிப்போடு எட்டிப் பார்த்தார். நல்ல சீடன் சொல்லவேண்டிய பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விரல் நெற்றிக்கு அருகிலேயே இருந்தது.

சென்னியப்பன் திரும்பிப் பின்வரிசைக் கிழவரைப் பார்த்தார்.

"காத்து போற வழியை நீங்கதானுங்கம்மா அடைச்சுட்டு இருக்கறீங்க."

நாச்சிமுத்து பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். யாரோ வெளியே தள்ளச் சொன்னார்கள். அம்மையார் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆசனத்தை விட்டு எழுந்து நின்றார்.

"அப்பறம் என்னத்துக்கு மண்டி போட்டுட்டு இருக்கறீங்க? ஏணியைக் கொண்டாந்து என்னை எறக்குங்க."