அறுபது தீபாவளி எண்ணெய்

"மேஸ்திரியம்மா, உங்க பெயிண்ட் என் வீட்டுப் பலகையில ஒட்ட மாட்டேங்குது," என்றார் குழந்தைவேலு.

தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் எஞ்சினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். குன்னூரில் அவருடைய பழைய வீட்டு முன்னறையில் தரையிலிருந்து உத்தரம் வரை சுவரெல்லாம் மரப்பலகை. அத்தனையும் கறுப்பு. பட்டப்பகலில் உள்ளே நுழைந்த வௌவால்கூட லைட்டைப் போடச் சொல்லிற்றாம்.

"இந்த இருட்டுல இனி என்னால முடியாது" என்று அவர் மனைவி அமிர்தவல்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்கு, தம்பி வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அறையைத் தன் கையாலேயே வெள்ளையாக்கிவிட்டால் வந்துவிடுவாள் என்று குழந்தைவேலு நம்பினார்.

அதற்காகத்தான், அறுபத்தொரு வயதில், ரெஜினா மேஸ்திரியிடம் பெயிண்ட் அடிக்கும் தொழில் கற்கச் சேர்ந்தார். மேஸ்திரிக்கு முப்பத்திரண்டு வயது. அவள் அடித்த சுவரில் வழுக்கி விழுந்த பல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"எத்தனை கோட்டு அடிச்சீங்க?"

"மூணு. மூணும் அப்பளம் மாதிரி உப்பி, உரிஞ்சு விழுது."

மேஸ்திரி வந்தாள். பலகையை விரலால் தடவினாள். விரலை மோந்து பார்த்தாள்.

"நல்லெண்ணெய்."

"எங்க வீட்டு வழக்கம்ங்க. தீபாவளியன்னைக்கு எங்க தலைக்குத் தேய்க்கிறப்ப சுவருக்கும் தேய்ப்போம். தாத்தா காலத்துல இருந்து."

"தேய்ச்சிட்டு?"

"தேய்ச்சிட்டு என்ன?"

"குளிப்பாட்டினீங்களா?"

குழந்தைவேலு சுவரைப் பார்த்தார். பாவம், அறுபது தீபாவளியாக எண்ணெயோடு நின்றுகொண்டிருந்தது.

மேஸ்திரி பெயிண்ட் டப்பாவை இறுக்கி மூடினாள். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வெந்நீர். சீயக்காய். தேங்காய் நார்."

"சுவருக்கா?"

"பின்ன எனக்கா?"

தேய்த்தார். கறுப்பாக வடிந்த தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடியது. அது பாய்ந்த ரோஜாச்செடி மறுவாரமே இடுப்பு வரை வளர்ந்து, ஆள் வைத்துப் பின்னல் போட வேண்டியதாயிற்று என்பார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவருக்குத் தோள் விட்டுப்போயிற்று.

"இதைப் பார்த்தா வந்துருவாளா, மேஸ்திரியம்மா?"

"அம்மா இருட்டுக்காகத்தான் போனாங்களா?"

நார் நின்றது.

"இருட்டா இருக்குன்னு சொன்னா. 'கரடிக்குக் குகைதானே வசதி'ன்னேன். விருந்துக்கு வந்திருந்த அவ தம்பி சம்சாரம் முன்னால."

"ம்."

"அப்புறம் நான் சும்மா இருக்கலைங்க. பட்டுச்சேலை குடுத்து விட்டேன், திரும்பி வந்துச்சு. ஒரு கிலோ வர்க்கி பிஸ்கட்டு, திரும்பி வந்துச்சு. பாதாம் அல்வா, அதுவும்."

"மூணு கோட்டு," என்றாள் மேஸ்திரி.

குழந்தைவேலு வாளிக்குள் கையை விட்டபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஆறிப்போயிற்று. பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அமிர்தம், நான்தான். எதுவும் குடுத்து விடலை. முன்னறைக்குப் பெயிண்ட் அடிக்கிறதைச் சொல்லவும் கூப்பிடலை. உன் தம்பி சம்சாரம் பக்கத்துல இருக்கா? ஸ்பீக்கர்ல போடு."

போட்ட சத்தம் கேட்டது.

"அன்னைக்கு உன் முன்னால இவளைக் கரடின்னு சொன்னேன்மா. சொன்னது தப்பு. அப்ப நீ சிரிச்சே, நானும் சிரிச்சேன். இவ சிரிக்கலை. அதை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சிரிச்சேன்."

மேஸ்திரி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கலர் அடிக்கிறீங்க?" என்றாள் அமிர்தவல்லி.

"வெள்ளை."

"நான் வர்ற வரைக்கும் டப்பாவைத் திறக்காதீங்க."