ஏச்சு வாங்க வந்த ஆபீசரம்மா

ஒரு ஊர்ல ஒரு கைராசிக்காரி இருந்தா. பேரு மாடத்தி. படு, சொல்லுதேன். உக்காந்துகிட்டு கேட்டா கதை வராது. ராஜா எப்போ வருவான்னு நச்சரிக்காதே. இதுல ராஜா கிடையாது. "ம்" கொட்டு, போதும்.

"ம்."

அது கரிசக்காட்டு ஊரு. ஆறு கிடையாது, வாய்க்கா கிடையாது. மழை பேஞ்சா வெள்ளாமை, இல்லேன்னா இல்ல. புரட்டாசியில முதல் மழை 'சோ'ன்னு இறங்கும். மறுநாள் விடிஞ்சதும் ஊரே விதைப்பெட்டியோட மாடத்தி வாசல்ல வந்து நிக்கும். அவ ஒரு கை விதையை அள்ளி, அவ காட்டுல 'சர்ர்'ருனு எறிவா. அப்புறந்தான் மத்தவங்க எறிவாங்க. அவ எறியாம ஒருத்தன் எறியமாட்டான். அவ எறிஞ்சுட்டா ஒருத்தன் காத்துக்கிட்டு நிக்கமாட்டான்.

"ஏன் தாத்தா?"

"ம்"தானே கொட்டச் சொன்னேன்? சரி. ஒருத்தன் மட்டும் தனியா விதைச்சான்னு வை. சுத்துப்பட்டுக் குருவி பூரா அவன் காட்டுலதான் இறங்கும். துடைச்சு வச்சுட்டுப் போயிடும். எல்லாரும் ஒண்ணா விதைச்சா, ஆளுக்குக் கொஞ்சந்தான் போவும். ஒண்ணா விதைக்கணும்னா, இன்னிக்குன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல? அதுக்கு மாடத்தி. அவ கை பட்டா வெளையும்னு ஒரு நம்பிக்கை. போதுமா?

"ம்."

அப்புறம், மழை கெட்டுப்போச்சு. முன்னெல்லாம் முதல் மழை வந்தா பின்னாலேயே அடுத்தது வரும். இப்போ அப்படி இல்ல. ஒரு நாள் கொட்டும். அப்புறம் வெயிலு, சட்டியில போட்டு வறுக்கிற மாதிரி. முளைச்சதெல்லாம் கருகிப்போவும். அதுக்கப்புறம் சேத்துவச்சு மொத்தமா கொட்டும். போன வருஷம் அப்படி. அதுக்கு முந்தின வருஷமும் அப்படி. ரெண்டு தடவையும் முதல்ல விதைச்சது போச்சுன்னு, திரும்பவும் விதைச்சாங்க. இப்போ வீட்டுக்கு வீடு குலுக்கையில, அதான் மண்ணுல செஞ்சு ஆளுயரத்துக்கு நிக்குமே, தானியம் போட்டு வைக்கிறது, அதுல ஒரே ஒரு விதைப்புக்குத்தான் விதை கிடக்கு. கம்பும் உளுந்தும். அதுவும் கருகிச்சுன்னா அந்த வருஷம் காடு சும்மா கிடக்கும். வீட்டுல உலை கொதிக்காது.

இது ஊருக்குத் தெரியாதா? தெரியும். ஆனா கேட்டா, "ரெண்டு வருஷம் ஏமாத்திருச்சு, இந்த வருஷமுமா ஏமாத்தும்?"பாங்க. வானம் என்ன இவங்களுக்கு மச்சானா? வெக்கப்பட்டுத் திருந்த?

அப்போதான் அந்த ஊருக்கு ஒரு ஆபீசரம்மா வந்தா. பேரு எஸ்தர். விவசாய ஆபீஸ்ல வேலை. சின்ன வயசு. ஸ்கூட்டர்ல 'டுர்ர்ர்'ருனு வருவா. காலநிலை மாறிப்போச்சு, முதல் மழையை நம்பி விதைக்காதீங்க. இதை அந்த ஊர்ல சொல்லணும். ஒரு வரி விஷயம். அதைச் சொல்ல அந்தப் புள்ள பட்ட பாடு இருக்கே!

முதல்ல, சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டா. திரை கட்டிப் படம் காட்டினா. எங்கேயோ பனிமலை உருகுது. ஒரு வெள்ளைக் கரடி ஐஸ்கட்டி மேல ஒத்தையில நிக்குது.

ஊர்ல கொம்பையான்னு ஒருத்தன். எந்தக் கூட்டம்னாலும் முன் வரிசையில உக்காந்து முதல்ல வாயைத் திறக்கிற ஆளு. எந்திரிச்சான்.

"ஆபீசரம்மா, அந்தக் கரடி எந்த ஊரு?"

"வட துருவம்ங்க ஐயா."

"அது உளுந்து திங்குமா?"

"திங்காதுங்க ஐயா."

"பிறகென்ன? எங்களுக்குக் காட்டுப்பன்னிதான் பிரச்சனை. அதைப் படம் காட்டுங்க."

"இல்லீங்க ஐயா, பனி உருகுதுன்னா உலகம் சூடாகுதுன்னு அர்த்தம்."

"உருகினா தண்ணிதானே வரும்? வரட்டும். கண்மாய்ல விட்டுக்கிடுதோம்."

'கொல்'லுனு சிரிப்பு. மிக்சரைத் தின்னாங்க, டீயைக் குடிச்சாங்க, போயிட்டாங்க. கரடி மட்டும் திரையில நிக்குது.

இன்னும் முழிச்சிருக்கியா? சரி.

ரெண்டாவது, ஆட்டோவுல குழாய் கட்டி அனுப்பினா. 'கர்ர்ர்... கொய்ங்ங்...' "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! பருவமழைப் பொழிவில் ஏற்பட்டுள்ள மாற்றத்தின் காரணமாக..." அந்த ஊருக்குக் குழாய் கட்டின ஆட்டோ ரெண்டுக்குத்தான் வரும். ஓட்டுக்கு வரும், சாவுக்கு வரும். ஓட்டு முடிஞ்சு போச்சு. பொம்பளைங்க பூரா தெருவுக்கு ஓடி வந்து, "யாரு செத்தது? யாரு செத்தது?"ன்னாங்க.

ஆட்டோக்காரன், "யாரும் சாகலம்மா, மழையைப் பத்தி"ன்னான்.

"சாகலேன்னா எதுக்குடா குழாயு? வயித்தைக் கலக்கிட்டியே!"ன்னு ஒருத்தி விளக்குமாத்தைத் தூக்கிட்டு வந்தா. ஆட்டோ நிக்கவே இல்ல.

"ம்."

மூணாவது, அவளே இறங்கினா. வீடு வீடா ஏறினா. கரடியை விட்டுட்டா, குழாயையும் விட்டுட்டா. "முதல் மழைக்கு விதைக்காதீங்க ஐயா. அடுத்த மழை வரட்டும். மண்ணைத் தோண்டிக் கையை விட்டுப் பாருங்க. முழங்கை வரைக்கும் ஈரம் இருந்தா விதைங்க. இல்லேன்னா பொறுங்க." நல்லாத்தான் சொன்னா. ஒவ்வொரு வீட்டுலயும் தலையை ஆட்டினாங்க. "சரிம்மா." "நல்லதும்மா." "மோர் குடிக்கீகளாம்மா?" கொம்பையாகூட ஆட்டினான். வயிறு முட்ட மோரோட, சந்தோஷமா வீட்டுக்குப் போனா.

அப்புறம் புரட்டாசி பொறந்துச்சு. டமடமடம. பளீர். 'சோ'ன்னு ஒரு மழை. விடிஞ்சதும் எஸ்தர் ஸ்கூட்டரை விரட்டிக்கிட்டு வந்து பாத்தா, ஊரே விதைப்பெட்டியோட மாடத்தி வாசல்ல நிக்குது.

"ஐயா! எல்லாரும் சரின்னு தலையாட்டினீங்களே!"

"ஆட்டினோம்"னான் கொம்பையா. "இல்லேங்கலையே."

"அப்புறம் எதுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு நிக்கீங்க?"

"மாடத்தி எறிஞ்சா எறிவோம். எறியலேன்னா எறியமாட்டோம். இதுல நாங்க யாரு?"

"இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீக."

பாத்தியா? மாடத்தி வீட்டுக்கும் அவ போயிருக்கா. பத்து வீட்டுல சொன்னதையே அங்கேயும் சொல்லிட்டு, மோரைக் குடிச்சுட்டு வந்திருக்கா. இந்தப் பயலுகளும் வாயைத் திறக்கல. இந்தப் புள்ளயும் ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு தரப்பையும் ஒரே கயித்துல கட்டிவச்சு... சரி, விடு.

எஸ்தர் உள்ள ஓடினா. மாடத்தி கொண்டையை முடிஞ்சுகிட்டு, பெட்டியை இடுப்புக்கு ஏத்தப்போறா.

"அக்கா, இன்னிக்கு எறியாதீங்க. கருகிடும்."

"கருகும்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு"ன்னா மாடத்தி.

"அப்புறம் ஏங்கா எறியப் போறீங்க?"

"எறிஞ்சு கருகினா வானத்தை ஏசுவாங்க. எறியாம மழை தவறிப்போச்சுன்னா என்னை ஏசுவாங்க. வானம் மேல கிடக்கு. நான் இங்கல்லா கிடக்கேன்? தண்ணிக்குப் போகணும், கடைக்குப் போகணும், நாலு கல்யாணத்துக்குப் போகணும். காலம் பூரா ஏச்சு கேக்க என்னால ஆகாது தாயி."

எஸ்தர் வாசல்ல நின்ன கூட்டத்தைத் திரும்பிப் பாத்தா. அப்புறம், "என்னை ஏசச் சொல்லுங்க"ன்னா.

"நீ ஆபீஸ்ல இருப்பே. ஏசணும்னா ஆளு கைக்கெட்டுற தூரத்துல வேணும்."

"தினம் வாரேன்கா. பஸ் ஸ்டாப்புல உக்காருதேன். யாரு வேணும்னாலும் வந்து ஏசட்டும்."

"நீ சொன்னது தப்பாப் போச்சுன்னா?"

"போகலாம்கா. போகாதுன்னு சொன்னா அது பொய். போனாலும் வருவேன். அப்பவும் ஏசட்டும்."

மாடத்தி அவளை மேலயும் கீழயும் பாத்தா. பெட்டியைத் 'தொப்'புனு கீழ வச்சா. வாசலுக்கு வந்தா.

"இன்னிக்கு நான் எறியல. இந்தப் புள்ள தடுத்துட்டா. ஏச்செல்லாம் அவளுக்கு. தினமும் பஸ் ஸ்டாப்புல கிடைப்பா."

ஏட்டி, சிரிக்காதே. சிரிச்சா தூக்கம் கலைஞ்சிரும்.

அப்போ ஆரம்பிச்சுது. எஸ்தர் சிமெண்டு பெஞ்சுல வந்து உக்காருவா. முதல் ஆளு கொம்பையா. "படிச்ச புள்ளைன்னு பாத்தா, சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! ஈரம் காயுது, ஈரம் காயுது!" அதுவரைக்கும் 'நீங்க, வாங்க'ன்னவன் 'நீ, போ'வுக்கு வந்துட்டான். அவ, "ஆமாங்க ஐயா"ம்பா. அடுத்தவன் ஏசுவான். "ஆமாங்க ஐயா." ஒருத்தி நல்லா ஏசிட்டு வீட்டுக்குப் போனா. வெயில்ல கிடக்காளேன்னு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சு முடிச்சதும் விட்ட இடத்துல இருந்து ஏசினா.

அப்புறம் பக்கத்து ஊர்ல முளைச்சிருச்சு. அவங்க முதல் மழைக்கே விதைச்சவங்க. கொம்பையா அங்க போய் ஒரு கைப்பிடி பிடுங்கிட்டு வந்து அவ மூஞ்சிக்கு நேரா ஆட்டினான். "பாரு! பச்சை! இது பச்சையா இல்ல வேற கலரா?" அன்னிக்கு எஸ்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல. மாடத்தி மட்டும் ஏச வரல. வாசல்ல நின்னு மேகத்தையே பாத்துக்கிட்டிருந்தா.

அப்புறம் வெயிலு வந்துச்சு. சுள்ளுனு வந்துச்சு. பக்கத்து ஊர்ப் பச்சை மஞ்சளாச்சு. மஞ்சள் சருகாச்சு. மொறுமொறுன்னு காலுக்கடியில நொறுங்குச்சு. இப்போவாவது ஏச்சு நிக்கணும்ல? நிக்கல!

"வெயிலைக் கொண்டாந்ததே நீதான்"னான் கொம்பையா. "விதைக்காதே விதைக்காதேன்னு சொல்லிச் சொல்லி, மழை கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

இவனை என்ன செய்ய? நீயே சொல்லு.

"ம்."

ஆனா ஒண்ணு. ஏசிக்கிட்டே இருந்தானே தவிர, குலுக்கையில கிடந்த விதையை ஒருத்தனும் தொடல.

அப்புறம் ஒரு நாள், குடுகுடுகுடுன்னு மேற்கே உருளுச்சு. காத்து நின்னுச்சு. பொட்டு, பொட்டு, பொட்டு. அப்புறம் 'சோ'ன்னு ஒரே ஊத்து. மறுநாளும் ஊத்துச்சு. கொம்பையா கடப்பாறையைத் தூக்கிட்டு அவன் காட்டுக்கு ஓடினான். சதக், சதக், சதக். குழிக்குள்ள கையை விட்டான். முழங்கை வரைக்கும் ஜில்லுனு ஈரம். கையை வெளிய எடுக்காமலே கத்தினான்: "மாடத்தீ! எறியேன் தாயி!"

மாடத்தி எறிஞ்சா. சர்ர்ர். ஊரே எறிஞ்சுது. சர் சர் சர். குருவிக்கூட்டம் வந்து, எந்தக் காட்டுல இறங்கன்னு தெரியாம சுத்திச் சுத்தி வந்துச்சு. மண்ணு கீறி முளைச்சுது. வரிசை வரிசையா நின்னுச்சு.

எஸ்தர் சொன்ன சொல்லுக்குத் தினமும் வந்தா. பஸ் ஸ்டாப்புல ஒரு ஆளு இல்ல. எல்லாரும் காட்டுல. இவ மழையில நனைஞ்சுகிட்டு ஒத்தையில உக்காந்திருக்கா. அப்போ கொம்பையா வாரான். முழங்கால் வரைக்கும் சேறு. தலையில உரச்சாக்கு. நன்றி சொல்லத்தான் வாரான்னு அவ எந்திரிச்சு நின்னா.

"முளைச்சிருச்சாங்க ஐயா?"

"முளைச்சிருச்சு, முளைச்சிருச்சு. அதை விடுங்க. நாளைக்கு வருவீகளா மாட்டீகளா?"

"இன்னும் எதுக்குங்க ஐயா? ஏச இனிமே என்ன இருக்கு?"

"ஏசவா கூப்பிடுதேன்? மழை நிக்க மாட்டேங்கு! உளுந்துக்கடியில தண்ணி தேங்குது, வேரு அழுகிரும். முன்னெல்லாம் இந்த மாசம் இப்படிக் கொட்டாது. என்ன செய்யணும்னு நான் யாரைக் கேக்க? வானத்தையா கேக்க?"

எஸ்தர் அவனையே பாத்தா. கரடியைக் காட்டி, குழாயைக் கட்டி, வீடு வீடா ஏறி, அத்தனை ஏச்சும் வாங்கி, கடைசியில ஒருத்தன் கேள்வி கேட்டுட்டான். அவ செருப்பைக் கழட்டிப் பெஞ்சுக்கடியில தள்ளினா.

"நாளைக்கு என்ன நாளைக்கு? இப்பவே தண்ணியை வடிக்கணும். மம்பட்டி எங்கய்யா இருக்கு?"ன்னா.

அவ்வளவுதான். கதை காட்டுக்குப் போயிருச்சு, நீ தூக்கத்துக்குப் போ. கண்ணை மூடு. இனி "ம்"மும் வேண்டாம்.